கொடியடுப்பு

அக்கா மகள் போன வருஷம் தொலைபேசியில் ஒரு விஷயம் சொன்னாள். அமெரிக்காவில் படிக்கிறாள். கோடை விடுமுறையில் இரண்டு வாரம் குவாத்தமாலாவுக்குப் போகிறாளாம். அங்கே மலைக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் புகை வராத அடுப்பு கட்டிக் கொடுக்கிற ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறாள்.

"நாங்களே காசு போட்டுப் போறோம் மாமா. ரெண்டு வாரத்துல பத்து அடுப்பு. நீங்களும் ஒரு காலத்துல இந்த வேலை பாத்தீங்கன்னு அம்மா சொன்னாங்க. எனக்கு ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அந்த வேலை பார்த்ததை அக்கா இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறாள் என்பதே எனக்கு ஆச்சரியம். நான் மறந்துவிட முயன்று ஏறக்குறைய மறந்தும்விட்ட விஷயம் அது.

1986இல் பி.ஏ. தமிழ் முடித்துவிட்டு அனுமந்தன்பட்டியில் சும்மா இருந்தேன். சும்மா என்றால், காலையில் உத்தமபாளையத்துக்கு சைக்கிளில் போய் நூலகத்தில் உட்கார்ந்து, மதியம் திரும்பி, சாயங்காலம் பெரியாற்றுத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் பாலத்தில் நாலு பேருடன் இலக்கியம் பேசுவது. அப்போது எங்களுடையது மதுரை மாவட்டம். தேனி தனி மாவட்டமானது பத்து வருஷம் கழித்து. சிறு பத்திரிகை ஒன்றில் இரண்டு கவிதை வந்திருந்தது. அந்தத் தெம்பில் வேலை தேடாமல் இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். புகையில்லா அடுப்புக் கட்ட ஆள் எடுக்கிறார்கள், சில நாள் பயிற்சி, பிறகு அடுப்பு ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி என யாரோ சொல்லப் போய்ச் சேர்ந்தேன்.

1983இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் திட்டத்தின் ஒரு சின்ன நுனி அது. அந்தத் திட்டம் 2002இல் மூடப்பட்டபோது நாடெங்கும் ஏறக்குறைய மூன்றரைக் கோடி அடுப்புகள் கட்டப்பட்டிருந்ததாகக் கணக்கு. அந்த மூன்றரைக் கோடியில் நாற்பத்து மூன்று என்னுடையவை.

பயிற்சியில் ஒரு தகர அச்சு கொடுத்தார்கள். அச்சுக்குள் மண்ணை அடித்து இறுக்கி, கண்களையும் சுரங்கத்தையும் குடைந்தால் அடுப்பு வந்துவிடும். நீள்சதுரத் திட்டு. முன்னால் விறகு வாய். மேலே இரண்டு கண். முதல் கண்ணுக்கு அடியில் எரிகிற தீயின் சூடு சுரங்கம் வழியாக இரண்டாம் கண்ணுக்கு அடியில் போய், அங்கே ஒரு மேட்டில் முட்டி எழும்பிப் பாத்திரத்தைத் தொட்டுவிட்டுப் பின்பக்கக் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே வெளியேறும். குழாய் ஆஸ்பெஸ்டாஸ். உச்சியில் மழை இறங்காமல் ஒரு தொப்பி. குழாய் கூரைக்கு மேல் இரண்டடியாவது நிற்க வேண்டும், வாரம் ஒரு தடவை கரி தட்ட வேண்டும். கரும்பலகையில் படம் போட்டு விளக்கினவர் நல்லவர். தன் வீட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

இந்த மாதிரியை 1950களில் ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் எஸ்.பி. ராஜு என்பவர் உருவாக்கினார். அவர் எழுதிய சிறு புத்தகத்தை 1953இல் சென்னையில் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் வெளியிட்டது. லட்சோபலட்சம் பேருக்குப் புகையற்ற சமையலறை என்பது அதன் தலைப்புக்கு அர்த்தம். அதற்கும் முன்னால் வார்தாவில், குமரப்பா இருந்து வேலை பார்த்த மகன்வாடியில், 'மகன் சூலா' என்று ஒரு அடுப்பு உண்டாயிற்று. காந்தியின் உறவினர் மகன்லால் பெயரால் அமைந்த இடம் மகன்வாடி, அந்த இடத்தின் பெயரால் அடுப்பு. பயிற்சி முடிந்து வந்து இதை அம்மாவிடம் சொன்னபோது அவளுக்கு மகன்லாலெல்லாம் காதில் ஏறவில்லை. "மகன் கட்டுற அடுப்பு, அதான் மகன் அடுப்பு" என்று பக்கத்து வீட்டில் சொல்லி வைத்துவிட்டாள்.

அம்மாவின் அடுப்பைப் பற்றி நான் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அன்று அதை நான் பார்த்ததேயில்லை. தினமும் மூன்று வேளை அதன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவன் பார்த்ததேயில்லை என்று சொல்வது விநோதம்தான்.

அது கொடியடுப்பு. பெரிய அடுப்பு ஒன்று, அதிலிருந்து பக்கவாட்டில் ஒரு துவாரம் வழியாகச் சூடு கிளை பிரிந்து போகும் சின்ன அடுப்பு ஒன்று. பெரியதில் உலை கொதிக்கும்போது கொடியில் குழம்பு தளதளக்கும், இல்லாவிட்டால் வெந்நீர் காயும். ஹைதராபாத் ஆய்வுக்கூடத்தின் இரண்டாம் கண் எங்கள் பாட்டி காலத்திலிருந்து எங்கள் வீட்டில் இருந்தது என்பது பயிற்சியில் இருந்தபோது எனக்குத் தோன்றவேயில்லை. புதிதாக இருந்தது குழாய் மட்டுமே.

அம்மா அதைக் கண்மாய்க் கரம்பை மண்ணில் செய்வாள். மண்ணை உடைத்து, கல் பொறுக்கி, நறுக்கின வைக்கோலும் உமியும் போட்டுத் தண்ணீர் விட்டு மூன்று நாள் புளிக்க விடுவாள். மிதித்துப் பதம் வந்த பிறகு கையால் சுவர் எழுப்புவாள். அளவுக்கோல் கிடையாது. சாண், விரற்கடை. மூன்று குமிழ்களையும் ஒரே உயரத்தில் வைக்க மாட்டாள். முன் குமிழ் ஒரு நூல் தாழ்ந்திருக்கும். சோற்றுப் பானையை வடிக்கச் சாய்க்கும்போது அது தானாக முன்னால் சாய்ந்து கொடுப்பதற்கு. குமிழ்களுக்கு இடையே தீ வெளியே நாக்கு நீட்டும் இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டுமென்று அவளுக்குத் தெரியும். விறகு வாய் அகலமாக இருக்கும். ஏனென்றால் எங்கள் வீட்டில் எரிந்தது விறகு மட்டும் அல்ல. பருத்தி மார், மிளகாய் மார், சோளத்தட்டை, தென்னை மட்டை, சீமைக்கருவேல், திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டிப் போடும் குச்சி. எல்லாம் நீளம் நீளமாக இருக்கும். முழுசாக உள்ளே செருகி, எரிய எரியக் காலால் தள்ளிக்கொண்டே அம்மா காய் நறுக்குவாள். மயில்துத்தம் தெளித்த திராட்சைக் கொடி எரியும்போது சுடரில் ஒரு பச்சை ஓடும். சின்ன வயதில் அதை வேடிக்கை பார்க்க நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்திருப்பேன். "தள்ளி உக்காருடா, கண்ணெரியும்" என்பாள். அவள் தள்ளி உட்கார முடியாது.

நான் கட்டின முதல் அடுப்பு எங்கள் வீட்டில்தான். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று ஒரு நியாயம் எனக்குள் இருந்தது. அவளுடைய கொடியடுப்பைக் கடப்பாரையால் நானே பெயர்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பெயர்த்த மண்ணை அள்ளி மாட்டுக் கொட்டத்துப் பக்கம் ஒரு மூலையில் குவித்துக்கொண்டாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

அச்சைத் தூக்கினதும் பார்த்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி:

"ஏய்யா, வாய் இத்தினியூண்டு இருக்கே. இதுக்குள்ள மாரை எப்படி வைக்கிறது?"

"சின்னச் சின்னதா வெட்டி வைக்கணும்மா."

"யாரு வெட்டுறது?"

இந்தக் கேள்விக்குப் பயிற்சியில் பதில் இல்லை. கேள்வியே இல்லை. வாய் அகலமாக இருந்தால் வேண்டாத காற்று உள்ளே போகும், தீ குளிரும், புகை திரும்பும் என்று காரணம் இருந்தது, காரணம் சரியானதும்கூட. ஆனால் மாரைச் சாண் சாணாக வெட்ட தினம் முக்கால் மணி நேரம் வேண்டும். மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற வீடுகளில் பெண்கள் மூன்றரைக்கும் நாலுக்கும் எழுந்து அடுப்பு மூட்டுகிறவர்கள். விடிவதற்கு முன் சோறும் குழம்பும் தூக்குவாளியில் ஏறிவிட வேண்டும். அந்த முக்கால் மணியை எங்கிருந்து எடுப்பது?

அடுத்து, கண்ணின் அளவு. அச்சு ஒன்று, ஆகவே கண்ணும் ஒரே அளவு. பானை கண்ணில் அழுந்தி உட்கார்ந்தால்தான் புகை குழாய்க்குப் போகும். சின்னச் சட்டியை வைத்தால் சுற்றிலும் இடைவெளி. புகை அங்கேயே எழும்பும். பெரிய பானையைத் தூக்கினால் கண் திறந்துகொண்டு முகத்தில் அடிக்கும். இரண்டாம் கண்ணில் வெந்நீர் வெதுவெதுப்பாகும், கொதிக்காது. குழாய் நன்றாக இழுத்தாலும் சங்கடம். சூட்டையும் சேர்த்து இழுத்து வானத்துக்கு அனுப்பிவிடும், விறகு கூடுதலாகப் பிடிக்கும். இழுக்காவிட்டால் வீடெல்லாம் புகை. நடுவில் ஒரு பதம் உண்டு. கட்டின முதல் வாரம் அது இருந்தது.

அப்புறம் எங்கள் கூரை. தென்னங்கீற்று வேய்ந்த வீடுகளில் குழாயைச் சுற்றி ஓட்டை போட்டால் மழை இறங்கும். குழாய் சூடேறினால் கீற்று பற்றிக்கொள்ளுமோ என்று பயம். புகை படிந்த கீற்றில் கரையான் ஏறாது, பூச்சி விழாது என்பதும் அங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரிந்த கணக்கு. அடுப்புக்கு மேலே பரணில் விதைக்குக் கட்டித் தொங்கவிட்ட சோளக்கதிர் புகையில்தான் அடுத்த விதைப்புவரை பத்திரமாக இருந்தது. புகை கெடுதல் என்பதை அவர்கள் நம்பவில்லை என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அது தப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு இருமுகிறவளுக்குப் புகை கெடுதல் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. புகை செய்த நாலு வேலையை யார் செய்வது என்பது அவர்கள் கேட்காமல் கேட்ட கேள்வி.

ஒரு வீட்டில் அடுப்பு நன்றாக வேலை செய்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். தெருக்கோடியில் இட்லி சுட்டு விற்கிற அம்மாள். அவளுடைய இட்லிக் கொப்பரை கண்ணில் அச்சாக உட்கார்ந்தது. காலை நாலரையிலிருந்து எட்டுவரை அதைத் தூக்கவே வேண்டாம். இரண்டாம் கண்ணில் சாம்பார் சூடு ஆறாமல் இருக்கும். விறகு பிளந்து கொடுக்க வேலையில்லாத ஒரு மகன். வாரா வாரம் குழாயில் கரி தட்டினாள். நான் ஊரை விட்டுப் போய்ப் பல வருஷம் கழித்து வந்தபோதும் அந்த அடுப்பு இருந்தது. தானே இரண்டு முறை மண் பூசிச் செப்பனிட்டிருந்தாள். நாற்பத்து மூன்றில் ஒன்று.

மேற்பார்வைக்கு ஒரு நாள் ஒரு அதிகாரி வந்தார். எந்த அலுவலகம் என்பது இங்கே அவசியமில்லை. பதிவேட்டில் இருக்கும் வீடுகளில் ஐந்தாறு பார்ப்பார், பார்த்த பிறகுதான் மிச்சக் கூலி. எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு அடுப்பை மெழுகிக் கோலமிட்டு வைத்திருந்தாள். அளவாக வெட்டின விறகு ஒரு கட்டு அருகில் இருந்தது. பற்ற வைத்தாள். கூரைக்கு மேலே குழாயிலிருந்து புகை நேராக எழும்பிற்று. அதிகாரி வெளியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"எப்படிம்மா இருக்கு அடுப்பு? கண்ணு எரியுதா?"

"இல்லய்யா. ரொம்ப சொகமா இருக்கு."

பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு எழுதத் தெரியும். பெயரைக் கூட்டெழுத்தாகப் போடாமல் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திப் போடுவாள். அவர் போனதும் நான் வாசலில் நின்று பக்கத்து வீட்டாரிடம் பெருமை பேசிவிட்டு உள்ளே வந்தேன். அடுப்பின் மேல் உலைப்பானை இல்லை. பின்கட்டுக்குப் போனேன். மாட்டுக் கொட்டத்தை ஒட்டி, கீற்றுச் சார்ப்புக்கு அடியில், கொடியடுப்பு. நான் பெயர்த்த அதே மண். சுற்றிலும் கரி ஏறியிருந்த விதத்தைப் பார்த்தால் பத்து நாளாவது ஆகியிருக்கும். பாதி வெந்த உலை அதன் மேல் இருந்தது. அம்மா குனிந்து ஊதாங்குழலில் ஊதிக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் நீர் வழிந்தது, புகையால்.

"உனக்கு வேலைல கெட்ட பேரு வந்துறக் கூடாதுல்ல" என்றாள்.

அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அன்று முழுக்க எனக்கு அவள்மேல் கோபம். ஏமாற்றிவிட்டாள் என்று. யாரை என்று யோசிக்கப் பல வருஷம் ஆயிற்று. அந்தப் பதிவேட்டில் நாற்பத்து மூன்று பெண்களின் கையெழுத்தும் ரேகையும் இருந்தன. அடுத்த மாதம் நான் மெதுவாகச் சில வீடுகளின் பின்கட்டை எட்டிப் பார்த்தேன். பார்த்தவரை எல்லா இடத்திலும் ஒரு கொடியடுப்போ மூன்று கல்லோ இருந்தது. யாரும் மறைக்கவில்லை, நான் பின்கட்டுக்கு வருவேன் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஒரு கிழவி என்னைத் தேற்றினாள்: "நீ கட்டுனது நல்லாத்தாம்ப்பா இருக்கு. நெல்லுக் குத்தும்போது மேல ஒலக்கைய வச்சுக்கறேன்."

நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். நேர்மையினால் என்று சொல்ல முடியாது. சென்னையில் ஒரு பத்திரிகையில் பிழை திருத்துகிற வேலை கிடைத்தது. மிச்சக் கூலியை வாங்கிக்கொண்டுதான் போனேன்.

நம் நவீன கதைகளில் அடுப்பங்கரை நிறைய வருகிறது. புகைக்கு நடுவே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும் அம்மாக்கள் வருகிறார்கள். அந்தக் கண்ணீர் தியாகத்தின் கண்ணீரா, ஏக்கத்தின் கண்ணீரா என்று நாம் விமர்சனத்தில் சண்டை போட்டிருக்கிறோம். புகை அங்கே ஒரு படிமம், அல்லது ஒரு சூழல். நுரையீரலுக்குள் போய் உட்காருகிற பொருளாக அது வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நான் எழுதின கவிதைகளில் ஒன்றிலும் அம்மாவைச் சுற்றிப் புகை எழும்புகிறது. அதை எழுதினபோது எதிர் அறையில் அவள் இருமிக்கொண்டிருந்தாள்.

2009இல் அவளுக்கு மூச்சு முட்டி மதுரைக்குக் கொண்டு போனோம். அதற்கு முன்பே ஊரில் இளைப்பு என்று ஏதேதோ சூரணம் சாப்பிட்டு வந்திருக்கிறாள். அரசாங்கம் 2007 முதல் கொடுத்த இலவச எரிவாயு அடுப்பு அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டது. அதைத் துடைத்துத் துணி போட்டு மூடி வைத்திருந்தாள், டீக்கும் விருந்தாளிகளுக்கும். சோறும் வெந்நீரும் பின்கட்டில். சிலிண்டர் தீர்ந்தால் அடுத்ததற்குக் காசு கொடுக்க வேண்டும், மார் சும்மா கிடைக்கிறது. மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவளிடமே கேட்டார்.

"பாட்டிம்மா, சுருட்டு பீடி பழக்கம் உண்டா?"

அம்மா சிரித்தாள், சிரிப்பு இருமலாகி நிற்க நேரமாயிற்று. அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். "எத்தனை வருஷமா வெறகடுப்பு?"

"பத்து வயசுலருந்து."

அவர் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். இரண்டு வருஷம் உயிருடன் இருந்தாள். கடைசி ஆறு மாதம் திண்ணையில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூக்கம்.

அதற்கப்புறம்தான் நான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன். பிராயச்சித்தம் என்று சொல்லலாம். சும்மா ஒரு எழுத்தாளனின் அரிப்பு என்றும் சொல்லலாம். கிர்க் ஸ்மித் என்று ஒரு அமெரிக்கர். 1980களின் தொடக்கத்தில் குஜராத்தில் 4 கிராமங்களில் சமைத்துக்கொண்டிருந்த பெண்களின் சேலையில் காற்றை உறிஞ்சும் சிறு கருவிகளைப் பொருத்தி, அவர்கள் மூச்சில் எவ்வளவு தூசு போகிறது என்று அளந்தார். இந்திய ஆய்வாளர்களுடன் சேர்ந்து 1983இல் முடிவை வெளியிட்டார். சமைக்கும் நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 7 மில்லிகிராம். எந்த நகரத்தின் தெருவிலும் அவ்வளவு புகையை யாரும் அனுமதிக்க மாட்டார்கள். உலகத்தில் காற்று மாசை அளக்கிறவர்கள் அதுவரை ஆலைச் சிம்னிக்கும் கார்களுக்கும் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். சிம்னியே இல்லாத இடத்தில்தான் மூச்சுக்கு மிக அருகில் புகை இருந்தது என்பது எளிய உண்மை. யாராவது பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அளந்தால் தெரியும். அவர் அளந்த வருஷங்களுக்குப் பிறகுதான் நான் அச்சைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். எனக்கு யாரும் ஒரு கருவியும் கொடுக்கவில்லை. கட்டின அடுப்பை எண்ணச் சொன்னார்கள். வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் அகால மரணம் அடைந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஸ்மித்தும் அந்த வருஷம்தான் இறந்தார்.

அவர் பிற்பாடு போன நாடு குவாத்தமாலா. அக்கா மகள் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது அதனால்தான். 1976 பிப்ரவரியில் அங்கே பெரிய பூகம்பம். சுமார் 23,000 பேர் செத்தார்கள். அதற்குப் பின் மீட்பு வேலைக்கும் கட்டுமானத்துக்கும் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் போனார்கள். அப்போது அங்கே ஒரு அடுப்பு பிறந்தது: 'லொரேனா'. ஸ்பானிய மொழியில் சேற்றுக்கும் மணலுக்கும் உள்ள சொற்களை ஒட்டவைத்த பெயர். சேறும் மணலும் குழைத்த பெரிய திட்டு, அதில் குடைந்த கண்கள், பின்னால் குழாய். எங்கள் அச்சு அடுப்புக்கு அண்ணன் தம்பி மாதிரி. உள்ளூர் மண், செலவு குறைவு, விறகு பாதி மிச்சம் என்று அது பல நாடுகளுக்குப் பரவியது. சில வருஷம் கழித்து அதைப் பரப்பினவர்களே ஆய்வுக்கூடத்தில் நிறுத்தி அளந்து பார்த்தார்கள். அந்தப் பெரிய மண் திட்டு சூட்டையெல்லாம் தானே குடித்துவிடுகிறது; மூன்று கல் அடுப்பைவிட விறகு கூடுதலாகவே பிடித்தது. இதை அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள் என்பதற்காக எனக்கு அவர்கள்மேல் மரியாதை. மூன்று கல்லைச் சரியாகக் கையாளத் தெரிந்த பெண்ணின் கை, திட்டம் போட்டவர்களின் கணக்கில் வராமல் போய்விட்ட ஒரு அளவு.

ஸ்மித்தின் குழு 2002 முதல் 2004 வரை அதே நாட்டில், சான் மார்கோஸ் மலைப் பகுதியில், 530 சொச்சம் குடும்பங்களில் சோதனை நடத்திற்று. சீட்டுக் குலுக்குவதுபோல் பாதிக் குடும்பங்களுக்குக் குழாய் வைத்த அடுப்பு, மீதிக் குடும்பங்களுக்குப் பழைய திறந்த தீ. 2011இல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது. குழந்தைகள் மூச்சில் போன புகை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நிமோனியா மொத்தத்தில் உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. கடுமையான நிமோனியா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பாதிப் புகை போதாது என்று அர்த்தம். என்னை நிறுத்தி வைத்தது வேறொரு விவரம். அந்த வீடுகளுக்கு வாரம் தவறாமல் ஒரு ஆள் போனார். அடுப்பு பழுதென்றால் சரிசெய்தார்கள். நான் கட்டின வீடுகளுக்கு நான் இரண்டாம் தடவை போனது கூலிக்காக.

ஒடிசாவில் இதே காரியத்தை, தினசரி வாழ்க்கையில் எப்படி நடக்குமோ அப்படியே விட்டுப் பார்த்த ஒரு ஆய்வும் உண்டு. ரெமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் செய்தது. நாலு வருஷம் தொடர்ந்தார்கள். முதல் வருஷம் புகை குறைந்தது. அப்புறம் குழாய் அடைத்துக்கொண்டது, மண் வெடித்தது, யாரும் செப்பனிடவில்லை, பெண்கள் பழைய அடுப்புக்குத் திரும்பினார்கள். கடைசியில் உடம்புக்கும் பயனில்லை, விறகும் மிச்சமில்லை. அதைப் படித்தபோது எனக்கு அநுமானிக்க ஒன்றும் இருக்கவில்லை. அந்த நாலு வருஷத்தையும் எங்கள் பின்கட்டில் பத்து நாளில் பார்த்திருக்கிறேன்.

அக்கா மகளுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது? போகாதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. காசு செலவழித்துப் போய் இன்னொருத்தி வீட்டில் மண் சுமக்கத் தயாராக இருக்கும் ஒரு பெண்ணை ஏளனம் செய்வது சுலபம். நம்மவர்களில் பலர் அதை எழுதியே பிழைத்திருக்கிறார்கள். நான் கூலிக்குப் போனேன், அவள் கூலி கொடுத்துவிட்டுப் போகிறாள். எனக்குப் பாஷை தெரியும், வீடுகள் தெரியும், சொந்தத் தாய் அங்கே இருந்தாள். அப்படியும் அவள் என்னிடம் உண்மையைச் சொல்லவில்லை. பாஷை தெரியாத, இரண்டு வாரத்தில் விமானம் ஏறிவிடுகிற ஒரு விருந்தாளிப் பெண்ணிடம் அந்த வீட்டுக்காரி என்ன சொல்வாள்? ரொம்ப சொகமா இருக்கு என்றுதான்.

கடைசியில் ஒரு நீண்ட குரல் பதிவு அனுப்பினேன். அந்த வீட்டில் விறகு எவ்வளவு நீளத்தில் வருகிறது, யார் வெட்டுகிறார்கள் என்று பார். எந்தப் பாத்திரம் மிகப் பெரியது, எது மிகச் சிறியது என்று அடுப்பை வைப்பதற்கு முன் அடுக்கி வைத்துப் பார். அடுத்த வருஷம் குழாய் உடைந்தால் அந்த ஊரில் யார் வந்து பார்ப்பார், அவருக்கு யார் காசு கொடுப்பார் என்று உன் குழுவைக் கேள். பழைய அடுப்பை நீ உடைக்காதே. முடிந்தால் பின்கட்டுக்குப் போய்ப் பார். இவ்வளவுதான் சொன்னேன். பாட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் படங்கள் அனுப்பினாள். சிமெண்டுக் கல் கட்டி மேலே இரும்புத் தகடு பதித்த அடுப்பு. தகட்டின் மேல் அந்த ஊர் மக்காச்சோள ரொட்டி வேகிறது. நல்ல வேலைப்பாடு, பொய் சொல்லக் கூடாது. தகடு தட்டையானது, எந்தப் பாத்திரமும் உட்காரும். கண்ணின் அளவு என்ற தொல்லையே இல்லை. பூ வேலை செய்த சட்டை போட்ட ஒரு அம்மாள் அடுப்பின் பக்கத்தில் நின்று சிரிக்கிறாள். அதற்குக் கீழே தனியாக ஒரு படம். வீட்டின் பின்புறம், தகரச் சாய்ப்பு, தரையில் மூன்று கல், நடுவே சாம்பல், பெரிய அலுமினியப் பானை ஒன்று. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைக்கிறதாம். அவ்வளவு பெரிய பானைக்குத் தகட்டில் சூடு போதாதாம். "நீங்க சொன்னபடி பின்னாடி போய்ப் பாத்தேன் மாமா. அவங்க கோவிச்சுக்கல. சிரிச்சாங்க" என்று எழுதியிருந்தாள். கூடவே ஒரு கேள்வி: "பாட்டிக்கு நீங்க கட்டுன அடுப்பு எத்தனை வருஷம் இருந்துச்சு?"

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். வீட்டில் இப்போது தம்பி குடும்பம். கூரை காங்கிரீட் ஆகிவிட்டது, சமையலறையில் டைல்ஸ், சிலிண்டர் இரண்டு. நான் கட்டின அடுப்பு வீட்டை இடிக்கும்போதே போயிற்று. பின்கட்டுக்குப் போனேன். குளியலறையிலிருந்து வெளியேறும் தண்ணீர் மண்ணில் பாதி புதைந்த ஒரு குழாய் வழியாகக் கறிவேப்பிலைச் செடிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் குழாய். உட்புறத்தில் கரி இன்னும் போகவில்லை. எப்போது வைத்தது என்று தம்பி மனைவியிடம் கேட்டேன்.

"அத்தை வச்சது மாமா. நான் கல்யாணமாகி வந்தப்பவே இருந்துச்சு" என்றாள்.

அவளுக்குத் தொண்ணூற்றிரண்டில் கல்யாணம்.